பொம்மையைத் துடைத்த துண்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிரசவ வார்டில் வருஷக்கணக்காக நர்ஸாக இருந்தவளுக்கு அது தானாக வந்துவிடும். அந்த வேலையை விட்டுவிட்டு, தாம்பரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் பயிற்சி கொடுக்கப் போனபோதும் வாயை மட்டும் விடவில்லை. ஒரு மருந்துக்கடைக்கு மேலே எங்கள் ஹால். மாடம்பாக்கம், பொத்தேரி பக்கத்திலிருந்தும், கேளம்பாக்கத்துக்கு அப்பால் உள்ள மீனவர் குப்பங்களிலிருந்தும் பெண்கள் வருவார்கள். பிறந்த குழந்தையை எப்படித் துடைப்பது, எப்படிச் சூடாக வைப்பது, எப்போது பால் கொடுப்பது என்று நான் அவர்களுக்குச் சொல்லித் தருவேன். அவர்கள் ஊருக்குப் போய் மற்றப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டும். அதனால் என் வகுப்பில் ஒரே விதிதான். நான் செய்வதை அப்படியே செய்ய வேண்டும், ஓர் அசைவும் மாறக்கூடாது.

பாடம் நடத்த ஒரு ரப்பர் பொம்மையும் இரண்டு துண்டுகளும் கொடுத்திருந்தார்கள். ஒன்றால் குழந்தையைத் துடைத்து, அந்த ஈரத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, காய்ந்த இன்னொன்றில் சுற்ற வேண்டும். ஒரு நாள் யாரோ மேஜையில் டீயைக் கொட்டிவிட்டார்கள். கைக்குக் கிடைத்த இரண்டாவது துண்டால் துடைத்தேன், துண்டில் பிடித்த கறை போகவில்லை. வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன், வாங்கவில்லை. பொம்மைக்கு ஏது ஈரம்? ஒரே துண்டால் துடைத்து, அதிலேயே சுற்றிக் காட்டினேன். வேறு காய்ந்த துணி எடுக்கணும் என்று வாயால் சொன்னதாகத்தான் நினைக்கிறேன். சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன்.

அந்த வகுப்புக்குக் கடலோரக் குப்பத்திலிருந்து ஒருத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும், இரண்டு பிள்ளை பெற்றவள். விடிகாலையில் மீன் விற்றுவிட்டு, குளித்துத் தலையை முடிந்துகொண்டு, பஸ் பிடித்து வருவாள். பொம்மையைக் கையில் வாங்கி, "அழுவாது, ஒண்ணுக்குப் போவாது. இந்த மாதிரின்னா நான் நாலு பெத்திருப்பேன்க்கா" என்றாள். ஹாலே சிரித்தது. எனக்கு மட்டும் எரிச்சல். பொம்மையைத் துடைத்து முடித்தவள், துண்டை ஓரமாகப் போட்டுவிட்டு, தன் முந்தானையை இழுத்துப் பொம்மையைச் சுற்றப் போனாள்.

"உன் இஷ்டத்துக்குப் பண்ணாதே. நான் காட்டினதை மட்டும் செய்" என்று வெட்டிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது. மறுபடியும் என்னைப் போலவே செய்து காட்டினாள். சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து, கார்த்திகை மழையில், ஆபீஸுக்குப் போன் வந்தது. அவள் குப்பத்தில் ஒரு பெண்ணுக்கு நாள் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. கூப்பிட்டவுடன் ஆம்புலன்ஸ் வருகிற காலமில்லை அது. மீன் ஏற்றும் சின்ன வேனில் கிளம்பியிருக்கிறார்கள். கேளம்பாக்கம் தாண்டி, வண்டலூர் ரோட்டில், வண்டியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. இவள்தான் கையில் ஏந்தி ஆஸ்பத்திரிவரை கொண்டுபோயிருக்கிறாள்.

நான் போனபோது குழந்தை உள்ளே விளக்குச் சூட்டில் இருந்தது. குறைமாதம், எடையும் குறைவு. ஈரத் துணியோடு, உடம்பு சில்லிட்டு வந்ததாக டாக்டர் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வார்டுக்கு வெளியே நின்றிருந்தவளை அத்தனை பேர் முன்னால் பிடித்துக்கொண்டேன்.

"ஈரத் துணியிலயே சுத்தி எடுத்துட்டு வந்திருக்கியே, புத்தி இருக்கா உனக்கு? இதுக்கா அத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தினேன்?"

அவள் கையிலிருந்த மஞ்சள் பையைப் பெஞ்சில் வைத்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து, பையின் தலை, முகம், நெஞ்சு, முதுகு என்று வரிசையாகத் துடைத்தாள். அதே துண்டை விரித்து, ஒரு முனையை மடித்து, பையைச் சுற்றி முடித்தாள். துடைக்கும்போது கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வது என் வழக்கம். அதையும் விடாமல் செய்தாள்.

"இப்டித்தானக்கா சொல்லிக் குடுத்தீங்க? முந்தானையில சுத்தலாம்னு கை போச்சு. நீங்க திட்டுனது ஞாபகம் வந்துச்சு, வுட்டுட்டேன்."

குழந்தை பிழைத்துவிட்டால் இதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று மனசு அங்கேயே நினைத்தது. அதை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் குழந்தை இறந்துவிட்டது. குறைமாதப் பிள்ளை, குளிர் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன்.

பிறகு அவளே ஹாலுக்கு வந்தாள். பயிற்சி முடிந்தபோது சாமான்களோடு நாங்கள் கொடுத்த பையை என் மேஜையில் வைத்தாள்.

"எனக்கு வேணாம்க்கா. ஈரத் துணி சுத்தி சாவடிச்சவன்றாங்க. யாரும் என்ன வூட்டுக்குள்ள சேக்க மாட்டேன்றாங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை அறுத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, போகலாம்" என்றேன். கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த ரோடு வழியாகப் பஸ்ஸில் அவள் குப்பத்துக்குப் போனோம்.

குழந்தையைப் பறிகொடுத்தவளுக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்காது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பால் கட்டிய மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்தேன்.

"இவ மேல தப்பு இல்லம்மா. நான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன். காஞ்ச துணி எடுக்கப் போனவளை நான்தான் தடுத்தேன்" என்றேன். அதற்கு மேல் முடியவில்லை, அழுதுவிட்டேன். வாசலில் நின்றிருந்த அந்தப் பெண்ணின் புருஷன் இறங்கிப் போய்விட்டான். அவளாவது ஏசுவாள், அடிப்பாள், பாரம் கொஞ்சம் குறையும் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இவங்களுக்கு மட்டுந்தான் அப்டி சொல்லிக் குடுத்தீங்களா?"

"இல்லம்மா. இந்த வருஷம் வந்தவங்க எல்லாருக்கும்."

"அவங்க?"

"அவங்கவங்க ஊர்ல மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்க."

"அவங்களுக்கெல்லாம் மாத்தி சொல்லிட்டீங்களா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை நாளும் எனக்காகத்தான் அழுதுகொண்டிருந்திருக்கிறேன். இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப இங்க இன்னாத்துக்கு குந்திகினு கீறீங்க? எழுந்து போங்க" என்றாள். பிறகு, வாசற்படியைத் தாண்டத் தயங்கி நின்றவள் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"நீயும் கூடப் போக்கா. இவங்க சரியா சொல்றாங்களான்னு பாத்துக்கோ."