மூன்று குரலில் கேட்ட வில்லா

இந்த ஊரிலிருந்து கடற்கரைக்குப் போய், வெயிலில் காய்ந்து, அலையில் நனைந்து, நிம்மதியாகத் தூங்கித் திரும்பிய அத்தனை பேரையும் தூங்கவைத்தது ஒரே ஒரு பெண்தான். சரி, அத்தனை பேர் என்பதில் உப்பு கொஞ்சம் தூக்கல். பாதிப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதியிலும் பாதி அவரவர் களைப்பில் தூங்கியிருக்கலாம். மிச்சமிருப்பவர்கள் கண்டிப்பாக அவள் புண்ணியத்தில்தான் தூங்கினார்கள்.

டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கும் பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஐந்து மேஜைகள், ஒரு மின்விசிறி, சுவர் முழுக்க நீலக் கடல் படங்கள். கீழேயிருந்து ரப்பர் வாசனை ஏறி வரும். அங்கே உட்கார்ந்துகொண்டுதான் ஊரார் எந்தக் கடலோர ரிசார்ட்டில் தங்கலாம், எந்த வில்லாவை எடுக்கலாம் என்று அவள் முடிவு செய்வாள். உட்கார்ந்துகொண்டு என்று எழுதியது பேச்சு வழக்கில் வந்துவிட்டது. அவள் உட்காரவே மாட்டாள். தொலைபேசியின் சுருள் வயர் எவ்வளவு தூரம் நீளுமோ அவ்வளவு தூரம் நடப்பாள். வயர் இழுத்தால் திரும்புவாள். அவள் நடக்கும் இடத்தில் மட்டும் தரை ஓடு வழவழத்துப் போய்விட்டது. கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் சக்கரக்கால்.

சக்கரக்காலுக்குப் படங்களில் நம்பிக்கை கிடையாது. "தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு எடுத்தா எல்லா வீட்டுக்கும் கடல் தெரியும்" என்பாள். அவளிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அந்த இடத்துக்குப் பேசி, "ரிசீவரைக் கொஞ்சம் ஜன்னலுக்கு வெளியே நீட்டுங்க" என்று கேட்பது. நீட்டியதும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். கடல் எத்தனை அடியில் இருக்கிறது, நடுவில் சாலை போகிறதா, நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் பாட்டுப்பெட்டி அலறுகிறதா, எல்லாம் தெரிந்துவிடும்.

இரண்டாவது வழிதான் விஷமமானது. ஒரே இடத்துக்கு மூன்று நாள், மூன்று குரலில் பேசுவாள். முதல் நாள் கொஞ்சிப் பேசும் புதுப்பெண். மறுநாள் ஓய்வு பெற்ற பள்ளி ஆய்வாளர் அம்மாள்; இடுப்புப் பிடிப்பு, எதற்கும் அதட்டல். மூன்றாம் நாள் இரட்டைக் குழந்தைகளின் தாய், வாக்கியத்துக்கு நடுவில் "ஏய், இறங்கு அங்கேருந்து!" என்று ஒரு கத்தல். கேள்வி ஒன்றுதான்: கடல் எவ்வளவு தூரம்? புதுப்பெண்ணுக்கு, "வாசப்படியை அலை தொடும்ங்க" என்று பதில் வரும். இரட்டைத் தாய்க்கு, "பயப்படாதீங்க, ரொம்பத் தள்ளி இருக்கு" என்று வரும். ஆய்வாளர் அம்மாளிடம் மட்டும் உண்மையைச் சொல்வார்கள். மூன்றையும் ஒட்டிவைத்துப் பார்த்தால் அந்த இடத்தில் பொய் எவ்வளவு, கடல் எவ்வளவு என்று பிடிபட்டுவிடும்.

இப்படி ஊருக்கெல்லாம் கடலைக் காட்டியவள், தன் குடும்பத்தோடு ஒரு நாள்கூடக் கடலோரத்தில் தங்கியதில்லை. ஒவ்வொரு வருஷமும் தேடுவாள். தேடி முடிப்பதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

இந்த வருஷம் அப்படி விட முடியவில்லை. ஒரே மகள், நர்ஸ் படிப்பு முடித்தவள், மூன்று வருஷ வேலைக்கு வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்குப் புறப்படுகிறாள். புறப்படுவதற்கு முன்னால், அடுத்த வாரத்தில், நாலே நாலு நாள் குடும்பத்துக்கென்று ஒழிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் மகள் கெடு வைத்தாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. அதுக்குள்ள இடம் முடிவாகணும். இல்லேன்னா நான் சிநேகிதிங்களோட எங்கயாவது போயிட்டு வந்துடறேன்."

"எங்களை விட்டுட்டா?"

"நீ தேடி முடிக்கறதுக்குள்ள நான் மூணு வருஷம் முடிச்சுத் திரும்பியே வந்துடுவேம்மா."

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவள் கணவர் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், "நியாயம்தான்" என்றார். அவர் ஒரு நாளைக்குப் பேசுவதே பத்து வார்த்தை. அதில் ஒன்றை இதற்குச் செலவழித்தார் என்றால் விஷயம் பெரிதுதான்.

அன்று தொடங்கியது. வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டவள் மாதிரி ஆனாள். முதலில் ரிசார்ட்டா, வில்லாவா என்பதே தீரவில்லை. ரிசார்ட் என்றால் சமையல் வேலை இல்லை, மகளோடு உட்கார்ந்து பேசலாம். ஆனால் காலையில் குளத்தங்கரை நாற்காலிக்குத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் கூட்டம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரிசை. வில்லா என்றால் அமைதி; ஆனால் அடுப்படியைக் கண்டால் தன் கை சும்மா இருக்காது என்று அவளுக்கே தெரியும். "நாலு நாளும் பாத்திரம் தேய்ச்சுட்டு வந்து நிப்பேன்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பல் தேய்க்கும்போது ரிசார்ட், முகம் துடைக்கும்போது வில்லா.

சிவப்பு அட்டை நோட்டு ஒன்றில் பன்னிரண்டு இடங்களை எழுதினாள். மறுநாள் திங்கட்கிழமைக்குள் பதினொன்றுக்கு எதிரே குறை எழுதியாகிவிட்டது. 'குளிர்சாதனம் தலைமாட்டில் சொட்டும்.' 'பாதை முழுக்கக் கூழாங்கல், செருப்பு தேடியே பாதி நாள் போகும்.' 'வரவேற்பில் இருக்கும் பெண் அதிகம் சிரிக்கிறாள், எதையோ மறைக்கிறாள்.' பன்னிரண்டாவது, கடலோரச் சாலையின் கடைசியில், மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு வில்லா. அதற்கு எதிரே எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை. அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் அதிகமானது.

புதன்கிழமை புதுப்பெண்ணாக, அந்த நாலு நாளையே சொல்லி இடம் கேட்டாள். வில்லாக்காரர் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். "கடல் இருநூறு அடிங்க" என்றார். வியாழன் ஆய்வாளர் அம்மாளாக அதட்டினாள். "இருநூறு அடிங்கம்மா" என்றார். வெள்ளி இரட்டைத் தாயாகக் கத்தினாள். "இருநூறு அடிங்க, குழந்தைங்களைக் கையில பிடிச்சுக்கங்க" என்றார். இத்தனை வருஷ வேலையில் மூன்று குரலுக்கும் ஒரே பதிலைச் சொன்ன முதல் மனிதர்! ரிசீவரை வெளியே நீட்டச் சொன்னாள். ஓர் அலை. மனசுக்குள் ஏழு எண்ணினாள். அடுத்த அலை. நடுவில் ஒரு நாய் தும்மியதைத் தவிரச் சத்தமே இல்லை. அவள் கால் ஒரு கணம் நின்றது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டிலிருந்து, சொந்தக் குரலில் பேசினாள்.

"அந்த நாலு நாளா?" என்றார் வில்லாக்காரர். "மன்னிச்சுக்கங்க மேடம். அந்த நாலு நாளுக்கு என்னமோ தெரியல, அப்படி ஒரு போட்டி. ஒரு கல்யாணப் பொண்ணு கேட்டிருக்கு. இடுப்பு வலிக்காரம்மா ஒருத்தங்க அதட்டிக் கேட்டிருக்காங்க. ரெட்டைப் புள்ளைங்களோட ஒரு அம்மா வேற. அவங்களுக்கு பதில் சொல்லாம உங்களுக்கு எப்படிங்க தர்றது?"

தனக்குத்தானே சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். ரிசீவரை வைத்துவிட்டு, சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். கூடத்தில் மகள் பெட்டிக்குப் பசை நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு 'சர்ர்' சத்தத்துக்கும் இவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ ஒட்டு."

பதினொன்றுக்குப் புதுப்பெண் பேசினாள்: கல்யாணம் தள்ளிப்போய்விட்டது, இடம் வேண்டாம். வில்லாக்காரர் அரை மணி நேரம் ஆறுதல் சொன்னார். பன்னிரண்டரைக்கு ஆய்வாளர் அம்மாள் பேசினாள்: டாக்டர் பயணம் கூடாது என்கிறார். "கீழ் அறையில கட்டில் மாத்திப் போடறேன்மா, வாங்க" என்று அவர் மன்றாடினார். அந்த நல்ல மனிதரிடமிருந்து தப்பிக்க, இல்லாத இடுப்பு வலிக்கு இன்னும் இரண்டு வலி சேர்க்க வேண்டியதாயிற்று. இரண்டு மணிக்கு இரட்டைத் தாயின் இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மை போட்டது. கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர், மனைவி ரிசீவரில் துணியைச் சுற்றிக்கொண்டு யாரோ பிள்ளைகளுக்காக அழுவதைப் பார்த்துவிட்டு, தானே பரிமாறிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குச் சொந்தக் குரல். "இப்ப காலியா இருக்குமே?"

"அதான் மேடம் எனக்கே ஆச்சரியம். மூணு பேரும் ஒரே நாள்ல விலகிட்டாங்க. ஆனா காலையில சொல்ல மறந்துட்டேன், இவங்களுக்கெல்லாம் முன்னாடி, செவ்வாய்க்கிழமையே ஒருத்தங்க கேட்டிருந்தாங்க. முதல் உரிமை அவங்களுக்குன்னு வாக்கு கொடுத்துட்டேன். ஆறு மணிக்குச் சொல்றேன்னிருக்காங்க."

செவ்வாய்க்கிழமை அவள் பேசவே இல்லை. யார் அந்தச் சண்டாளி? நடந்தாள். நாற்காலியை நகர்த்தினாள். மறுபடி பழைய இடத்தில் வைத்தாள். நோட்டை எடுத்துக் குளிர்சாதனம் சொட்டும் இடத்தை மறுபடி பார்த்தாள். தலையைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் படுத்தால் என்ன? நோட்டை மூடினாள். நாலு மணி. நாலரை. கூடத்தில் மகள் பெட்டியின் மேல் முகவரி எழுதினாள். தெரு, ஊர், நாடு. எல்லாமே வேறு.

ஐந்தேகாலுக்கு அவள் கை தானாக ரிசீவரை எடுத்தது. துணி சுற்றவில்லை.

"நான் ஒரு விஷயம் சொல்லணும். நீங்க திட்டினாலும் பரவாயில்ல. அந்தக் கல்யாணப் பொண்ணு நான்தான். இடுப்பு வலியும் நான்தான். ரெட்டைப் புள்ளைங்களும் கிடையாது, அம்மையும் கிடையாது. இடம் நல்லதான்னு பார்க்கத்தான் அப்படிப் பேசினேன். என் பொண்ணு அடுத்த வாரம் கிளம்பறா. மூணு வருஷம் கழிச்சுத்தான் வருவா. அந்த நாலாவது ஆள் நம்பரைக் கொடுங்க, நானே கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

அந்தப் பக்கம் ஓர் அலை கேட்டது.

"நம்ப முடியலீங்களே" என்றார் அவர். "எங்க, அந்த இடுப்பு வலிக்காரம்மா மாதிரி பேசுங்க பார்ப்போம்."

நடுக்கூடத்தில் நின்று, அவள் பேசினாள். "கட்டில் மரமா, இரும்பா? சுத்தி வளைக்காம சொல்லும்!" பிறகு புதுப்பெண்ணாகக் கொஞ்சினாள். பிறகு, "ஏய், இறங்கு அங்கேருந்து!" கடைசிக் கத்தலுக்கு வில்லாக்காரர் சிரித்த சிரிப்பில் அங்கே நாய் குரைத்தது.

"மூணும் சரிதான் மேடம். ஆனா நாலாவதும் நீங்கதான்னு நினைச்சேன். குரல் அப்படியே உங்களோடது மாதிரிதான் இருந்துச்சு. கொஞ்சம் இளசு."

"என்ன கேட்டாங்க அவங்க?"

"கடலைப் பத்தி ஒண்ணுமே கேக்கல. வீட்டைச் சுத்தி நடக்க இடம் இருக்கான்னு கேட்டாங்க. எங்க வீட்ல ஒருத்தங்க உட்காரவே மாட்டாங்கன்னாங்க. சமையலுக்கு ஆள் வேணும், அவங்களை அடுப்படிக்குள்ள விடக் கூடாதுன்னாங்க. அப்புறம், இருக்கற நாலு நாளும் போனை எங்கயாவது பூட்டி வைக்க முடியுமான்னு கேட்டாங்க."

சக்கரக்கால் மெதுவாகத் திரும்பினாள். மகள் பசை நாடாவைப் பல்லில் கடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயாடி?"

மகள் நாடாவை வாயிலிருந்து எடுத்தாள். "உன் நோட்டைப் பார்த்தேன். பதினோரு இடத்துக்குக் குத்தம் எழுதியிருந்த. இது எதிர்ல மட்டும் ஒண்ணுமே இல்ல. அதான் கேட்டு வெச்சேன்."

"முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? காலையிலேருந்து மூணு பேரைச் சாகடிக்காத குறையா விரட்டியிருக்கேன்!"

"உன் வாயாலயே 'இதுதான்'னு சொல்லணும்னு இருந்தேன். வேற இடம் சொல்லியிருந்தா அங்கயே போயிருப்போம். ஒரு இடமும் சொல்லலேன்னாதான் ஆறு மணிக்கு நானே இதுக்குச் சரின்னு சொல்லியிருப்பேன்." மகள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் முப்பது நிமிஷம் இருக்கு. சொல்லும்மா."

மகள் கேட்டிருந்த வசதிகளில் ஒன்றுகூட மகளுக்கானது இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ரிசீவரை வாயருகே கொண்டுபோனாள். மூன்று குரலும் கைவிட்டுவிட்டன. மிச்சம் இருந்தது கரகரத்த ஒன்றுதான்.

"இதுதாங்க" என்றாள். "இதையே எடுத்துக்கறோம்."

போனார்கள். வெயிலும் கடலும் சொன்னபடி இருந்தன. முதல் நாள் அவள் வில்லாவைச் சுற்றி நடந்தது எத்தனை முறை என்று அந்தத் தும்மும் நாய்க்குத்தான் தெரியும். பின்னாலேயே சுற்றிவிட்டு, மதியத்துக்கு மேல் நாக்கைத் தொங்கப் போட்டுப் படுத்துவிட்டது. சமையல்காரர் அடுப்படிக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டார். தொலைபேசி, வில்லாக்காரரின் அலமாரியில். அவள் ரிசீவர் இல்லாமல், வெறுங்காதால் அலை எண்ணினாள். ஏழு சரியாக இருந்தது.

கடைசி நாள் மாலை, மகள் மணலில் பிரம்பு நாற்காலி ஒன்றைப் போட்டு, தான் அதன் காலடியில் உட்கார்ந்து, "வாம்மா" என்றாள். அவ்வளவுதான். சக்கரக்கால் வந்து உட்கார்ந்தாள். மகள் தலை அவள் முழங்காலில் இருந்தது. அந்த மாலை முழுவதும், இருட்டி விளக்குப் போடும்வரை, அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

எழுதியதில் இந்த இடத்தை நான் படித்துக் காட்டியபோது, பக்கத்தில் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்த, என் தங்கை மகனான அவள் கணவர், அன்றைக்கு உண்டான பத்து வார்த்தைகளையும் மறந்து பேசினார்.

"மாலை முழுக்கன்னு எழுதாதீங்க பெரியம்மா. பதினோரு நிமிஷம். நான் கடிகாரம் பார்த்தேன். அதுலயும் கடைசி ரெண்டு நிமிஷம் கால் ஆடிக்கிட்டேதான் இருந்துச்சு. பொண்ணுதான் அதைக் கட்டிப் பிடிச்சு வெச்சிருந்தா."