உள்பக்கம் திரும்பிய கால்

எலும்பு வார்டில் பதினோரு வருடமாகத் துடைப்பமும் பக்கெட்டுமாக அலைகிறவள் அவள். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. கண் மட்டும் சும்மா இருக்கவில்லை. ஒருமுறை இடுப்பு மூட்டு நழுவிய கொத்தனார் ஒருவரை, இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தூக்கி வந்தார்கள். மூட்டைப் பொருத்திய பிறகும், ரத்தம் போகாத எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துப்போனது. "ஆறு மணி நேரத்துக்குள்ள வந்திருக்கணும்" என்று டாக்டர் சொன்னது அவள் காதில் ஒட்டிக்கொண்டது.

அந்தப் புதன்கிழமை இரண்டு மணிக்கு அண்ணி போன் செய்தாள். கண்ணாடி ஏற்றும் வேன் ஓட்டுகிற அண்ணன், காலை பத்தரைக்கு விளக்குக் கம்பத்தில் மோதியிருந்தான். முட்டி டேஷ்போர்டில் இடித்துக் கிழிந்ததாம். பக்கத்து கிளினிக்கில் நாலு தையல், ஒரு வலி ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"காலை நீட்டவே முடியலங்கிறார். தொட்டா கத்துறார்."

"பாதம் எந்தப் பக்கம் பார்க்குது அண்ணி?"

"உள்பக்கமா திரும்பியிருக்கு. ஏன்?"

அந்தக் கொத்தனாரின் காலும் அப்படித்தான் திரும்பியிருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

அவள் நுழைந்தபோது அண்ணியின் தம்பி அந்தக் காலைப் பிடித்திருந்தான். "சுளுக்குதான் மாமா. ஒரே இழு, சரியாயிடும்."

"கையை எடு!"

"உன் ஆஸ்பத்திரி புத்தியை வாசல்லயே கழட்டிட்டு வா" என்று சிரிக்கப் பார்த்தான் அண்ணன். சிரிப்பு பாதியில் நின்றது. முட்டி மடங்கிய அந்தக் கால், மற்றதைவிடக் குட்டையாகக் கிடந்தது.

"கட்டைவிரலை மேல தூக்குண்ணா."

"தூக்கிட்டேனே."

விரல் அசையவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்த அவளுடைய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், தையலை மட்டும் பார்த்த டியூட்டி டாக்டர், "சின்னக் காயம், காத்திருங்க" என்றார். மணி மூன்றே கால். அவள் மாடிக்கு ஓடி, எலும்பு டாக்டரை வழிமறித்தாள்.

"சார், பத்தரைக்கு அடிபட்டது. கால் உள்ள திரும்பியிருக்கு. விரல் தூக்கல."

டாக்டர் படியிறங்கியபடியே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் தலை குழியை விட்டுப் பின்பக்கம் ஏறி நின்றது. ஆபரேஷன் தியேட்டர் காலியில்லை.

"காத்திருக்க நேரமில்ல. இங்கயே மயக்க மருந்து கொடுங்க."

இருவர் இடுப்பை அழுத்திப் பிடிக்க, டாக்டர் கட்டில்மேல் ஏறி, மடங்கிய காலை மேல்நோக்கி இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியது. மூன்றாம் முறை, கதவுத் தாழ் விழுந்தது போல 'டொக்' என்றது. மணி நாலு அடித்து ஐந்து நிமிடம்.

கால் நேரானது. டாக்டரின் முகம் மட்டும் தெளியவில்லை.

"எலும்பு பிழைச்சதான்னு இன்னைக்கு யாராலயும் சொல்ல முடியாதும்மா. ரெண்டு வருஷம் பார்க்கணும்."

ஐந்தாம் மாதம், நசுங்கிய நரம்பு தேறி விரல் அசைந்தது. பதினோராம் மாதம், படி இறங்கும்போது அண்ணன் தொடையிடுக்கைப் பிடித்துக்கொண்டு, "வாயுதான்" என்றான். அன்றே ஸ்கேனுக்கு இழுத்துப் போனாள். எலும்பின் தலையில் நகக்கண் அளவுக்கு ஒரு நிழல்: ரத்தம் போகாமல் செத்த இடம்.

வேனை விட்டுவிட்டு இப்போது கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து அளவு எழுதுகிறான். நிழல் இதுவரை பெரிதாகவில்லை. ஆனாலும் அவன் நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் அவள் பேச்சை நிறுத்திவிட்டு, அவன் முதல் அடியைப் பார்க்கிறாள்.