செவிட்டுப் பண்ணையாருக்குப் பயந்த கதை

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்த ஒரு நாடகத்துக்குப் பயந்து, ஒரு வாரம் சரியாகச் சோறு தின்னாதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்போது எட்டாவது படித்தேன். அதற்கு மேலும் பெரிதாக ஒன்றும் படித்துவிடவில்லை. எனக்குத் தெரிந்த இலக்கியமே அந்த ஒரு நாடகம்தான்.

அட்டை கிழிந்த பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழய்யா குரல் மாற்றி மாற்றி வாசித்தார். ஒரு பண்ணையார், காது கேட்காமல் போய்விட்டதாக நடிக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் வேலைக்காரன் அவரை வாய்க்கு வந்தபடி வைகிறான். சந்தேகத்துக்கு ஒரு பானையைப் போட்டு உடைத்துப் பார்க்கிறான். பண்ணையார் அசையவில்லை. கடைசியில் ஊரைக் கூட்டி வைத்து, அவன் வைததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்து, அவனைத் துரத்திவிடுகிறார். பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்காரனுக்கு வாய்தான் நீளம். ஒரு கைப்பிடி அரிசிகூடத் திருடவில்லை. பாவம். அதைவிட, அவன் நான்தான்.

அப்பா அருள்புரத்தில் ஒரு நிட்டிங் கம்பெனியில் மிஷின் ஓட்டினார். பனியன் துணி பின்னும் இருபது மிஷின்கள் ஒரே கூரைக்கடியில் அலறும். அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. நூல் அறுந்தது, டீ வந்தது, சூப்பர்வைசர் வருகிறார், எல்லாமே கைஜாடைதான். வீட்டிலும் அப்பா பாதி ஜாடையில்தான் பேசுவார். கொஞ்ச நாளாகப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. மிஷின் சத்தத்தில் அலுத்து வந்தவர், காது கொடுக்கச் சலித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். எனக்கோ அது விளையாட்டு. அவர் தலை துவட்டும்போது பின்னால் நின்று, "ஏனுங்க மிஷின்காரரே, உங்க பையன் இன்னைக்கும் ஸ்கூலுக்குப் போகலீங்க. கெணத்துல நீச்சலுங்க" என்று மரியாதையாக அறிக்கை வாசிப்பேன்.

மட்டம் போட்டால் என்ன ஆகும் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார்: "கணியூர்ல மாமன் ஊட்டுல கொண்டுபோயி உட்ருவேன். மாட்டுக்குப் புல்லறுத்துட்டுக் கெட." மாமனின் மீசையைப் பார்த்தாலே எனக்குக் காய்ச்சல் வரும்.

நாடகம் கேட்ட அன்று மாலை, அப்பாவின் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டத்தைக் கீழே போட்டேன். பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுதது. அப்பா அசையவில்லை. பண்ணையாரும் அசையவில்லையே! அப்படியானால் எல்லாம் கேட்டிருக்கிறார். மனதுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். அதன் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தாலே தொண்டைக்குள் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணியூர் மாமன் வருகிறார் என்றாள் அம்மா. ஊரைக் கூட்டும் கடைசிக் காட்சி வந்துவிட்டது.

அன்று காலை அப்பா வாசலில் கண்ணாடி வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். பின்னால் போய் நின்றேன். "அப்பா, ஒம்பது நாள் மட்டம் போட்டனுங்க. லீவு லெட்டர்ல உங்க கையெழுத்த நாந்தானுங்க போட்டேன். மிஷின்காரருன்னு கூப்புட்டதும் நாந்தானுங்க. மாமன்கிட்டச் சொல்லிராதீங்கப்பா…" விக்கி விக்கி அழுதேன். கத்தி கன்னத்தில் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, நுரையோடு திரும்பினார்.

"என்ன கண்ணு, வகுறு வலிக்குதா?"

என்ன நடிப்பு! பண்ணையார் தோற்றார்.

சமையற்கட்டு வாசலில் அம்மா. அத்தனையும் கேட்டுவிட்டாள். கையில் கரண்டி இருக்கிறதா என்று பார்த்தேன். அவளோ என்னைப் பார்க்கவில்லை. மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்ட அப்பாவின் முதுகைப் பார்த்து, "ஏனுங்க" என்றாள். இன்னொரு தரம், சத்தமாக. அப்புறம் என்னை உள்ளே இழுத்து, முந்தானையால் முகம் துடைத்தாள்.

"யாருகிட்டயும் மூச்சு உடாத சாமி. மாமன்கிட்டயும் வேண்டாம். கம்பெனிக்காரங்களுக்குத் தெரிஞ்சா நம்ம பொழப்பே போயிரும்."

நான் மட்டம் போட்டதில் கம்பெனிக்காரர்களுக்கு என்ன வந்தது என்று புரியவில்லை. அவ்வளவு பெரிய குற்றம் போலிருக்கிறது என்று இன்னும் பயந்தேன்.

மாமன் வந்து உட்கார்ந்து பேசிய நேரமெல்லாம் அம்மா அப்பாவை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள். மாமன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அப்பாவின் முழங்கையைத் தொட்டுத் திருப்பினாள். அப்பா என் பேச்சை எடுத்துவிடாமல் தடுக்கத்தான் இத்தனை பாடு என்று உருகிப்போய், அடுத்த வாரம் முழுக்க ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனேன்.