ஆட்டுக்கிடைக்குள் ஒரு வண்டி வீடு

திங்கட்கிழமை காலை திருச்சியிலிருந்து புறப்படும்போதே என் மனைவி கமலம் ஒரு நிபந்தனை போட்டாள். "சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேங்க. எனக்குப் பிடிக்கலைன்னா அரியலூர்ல வண்டியை அண்ணன்கிட்டக் குடுத்துடணும். அப்புறம் நீங்க ஒரு பேச்சுப் பேசக் கூடாது." சரி என்றேன். மாட்டேன் என்றிருந்தால் வண்டியிலேயே ஏறியிருக்க மாட்டாள்.

வண்டி, யுத்தம் முடிந்ததும் ராணுவத்தார் கழித்துவிட்ட ஆஸ்பத்திரி வேன். அடிபட்ட சிப்பாய்களைக் கிடத்திய பலகையில் இப்போது எங்கள் மெத்தை. அதன் கீழே அரிசி டப்பா, ஸ்டவ், என் சாமான் பெட்டி. ஊர் ஊராகப் போய்த் தையல் மெஷின் பழுதுபார்ப்பது என் தொழில். போகிற ஊரிலெல்லாம் அறைக்கு வாடகை கொடுத்துக் கட்டுபடியாகவில்லை. வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிவிட்டேன். மைத்துனருக்கோ அதில் சோடா பாட்டில் ஏற்ற ஆசை. சனிக்கிழமை அரியலூர் ஸ்டேஷனில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

முப்பது மைல் தாண்டி சிறுவாச்சூர். காளி கோயிலுக்கு எதிரே புளியமரத்தடியில் நிறுத்தினோம். யாரும் காலணா கேட்கவில்லை. சுற்றிலும் கூண்டு வண்டிகள், பொங்கல் அடுப்புகள், மொட்டை போட்ட குழந்தைகளின் அழுகை. லால்குடிக்காரக் குடும்பம் ஒன்று எங்களுக்கும் இலை போட்டது. கமலம் அவர்களோடு சிரித்துப் பேசினாள். பாதி ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை விழித்துப் பார்த்தால் காக்கையும் எச்சில் இலையும்தான் மிச்சம். அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும் மட்டுமே திறக்குமாம். நாடறிந்த சேதி, எனக்குத்தான் தெரியவில்லை. அதைவிடக் கஷ்டம் ஊருக்குள் போனபோது வந்தது. வண்டியின் பக்கவாட்டில் நான் சுரண்டியும் போகாத சிவப்புச் சிலுவையைப் பார்த்துவிட்டு, ஒருத்தி, "அம்மை குத்துறவங்க வந்துட்டாங்க!" என்று கத்திக்கொண்டே பிள்ளையை இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். தெருவே காலி. தையற்காரரும் கடையைப் பூட்டிவிட்டார்.

"ஊரே நம்மளைப் பாத்து ஓடுது. இதுவா பொழப்பு?" என்றாள் கமலம். அன்று முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் மனசு கசந்துபோயிற்று.

புதன்கிழமை பெரம்பலூர்ச் சந்தையில் ஓரணாவுக்குக் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு அரியலூர் சாலையைப் பிடித்தோம். பெட்ரோலுக்குக் கூப்பன் காலம். எட்டாவது மைலிலேயே நிறுத்திவிட்டேன். சோளம் அறுத்த கரிசல் கொல்லை, கண்ணுக்கெட்டிய வரை மனித வாடை இல்லை. வரப்போரம் மூங்கில் படல்களும், கவிழ்த்த பெருங்கூடைகள் நாலைந்தும் கிடந்தன. யாரோ புண்ணியவான் விட்டுப்போயிருக்கிறார் என்று படல்களை எடுத்து அடுப்புக்குக் காற்று மறைவாக நட்டேன். ஒரு கூடையின் மேல் கமலத்தின் ஈரப்புடவை காய்ந்தது.

வெயில் சாயும் நேரம் மேற்கே புழுதி கிளம்பியது. அடுத்த கணம் செம்மறியாடுகள் வெள்ளமாக வந்து எங்களைச் சூழ்ந்துகொண்டன. முந்நூறாவது இருக்கும். வண்டிக்கு அடியில்கூட இரண்டு புகுந்துவிட்டன.

"எவன்டா படலைத் தொட்டது?" என்று கோலோடு வந்தார் ஒரு பெரியவர். பெயர் பொன்னுக்கோனார். கமலத்தைக் கண்டதும் குரல் இறங்கிவிட்டது. விஷயத்தை அவர்தான் விளக்கினார். நிலத்துக்கு எரு வேண்டுமென்று கொல்லைக்காரர் ஆடுகளை ராத்தங்கக் கூப்பிட்டிருக்கிறார். அதுதான் கிடை. மூங்கில் படல் ஆடுகளைச் சுற்றி அடைக்க; கூடைக்குப் பெயர் குடாப்பு, குட்டிகளை மூடிவைக்க. கூலி, ஒரு ராத்திரிக்கு இவ்வளவு தானியம்.

"நாங்க படுக்குறதுக்குக் கூலி வாங்குறோம். நீங்க ஓசியில படுக்க எடம் தேடுறீங்க!" என்று அவர் சிரிக்க, கூட ஆடு மேய்த்துவந்த இரண்டு கீதாரிகளும் சிரித்தார்கள். வண்டியை நகர்த்தலாமென்றால் ஆடுகள் படுத்துவிட்டன.

விளக்கு வைக்கும் நேரம் கொல்லைக்காரர் சோற்றுப் பானையோடு வந்தார். கிடை ஆட்களுக்குச் சோறு போடுவது நிலத்துக்காரர் பொறுப்பு.

"கிடை ஆளுக எத்தினி பேருங்க?"

"அஞ்சு பேரு" என்றார் கோனார், சற்றும் யோசிக்காமல்.

கமலம் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். ஆடு மேய்ப்பவர்கள் மூன்றே பேர்.

கொல்லைக்காரர் வண்டியை உற்றுப் பார்த்தார். "இது என்னங்க?"

"அதுங்களா? கொஞ்சம் பெரிய குடாப்பு."

கமலம் சிரித்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அப்போதுதான் கேட்டேன். சோளச்சோறும் புளிக்குழம்பும் அவ்வளவு ருசித்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

வியாழன் காலை வண்டி நின்ற இடம் மட்டும் புழுக்கையில்லாமல் நீளச் சதுரமாகத் தெரிந்தது. கொல்லைக்காரருக்கு மனசு ஆறவில்லை. "இந்த எடத்துல சோளம் சொணங்கிப்போகுங்க. இன்னிக்கு வண்டியைத் தள்ளி நிறுத்துங்க, இங்க ஆடு படுக்கட்டும்" என்றார். ஆகவே அன்றும் தங்கினோம். வெள்ளிக்கிழமை கிடை அடுத்த கொல்லைக்கு மாறியது. கோனார் எங்களையும் கையோடு கூட்டிப்போனார். கிடை ஆட்கள் என்று ஆனபின் எங்களைக் கண்டு யாரும் ஓடவில்லை. பக்கத்து ஊர்த் தையற்காரர் மாட்டு வண்டியில் மெஷினை ஏற்றிக்கொண்டு தேடி வந்தார். களையெடுத்துத் திரும்பிய பெண்கள் கமலத்திடம் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்து, மடியிலிருந்த கீரையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இத்தனை நடந்தும் கமலம் வண்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு அரியலூர் ஸ்டேஷன். மைத்துனர் வேப்பமரத்தடியில் காத்திருந்தார். பின்கதவைத் திறந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "என்ன கமலம், ஆட்டு நாத்தம் கொடலைப் பொரட்டுது! சரி, கழுவிக்கலாம். உனக்கு உறையூர்ல ஒரு வூடு பாத்து வச்சிருக்கேன். கெணத்துத் தண்ணி, காத்தோட்டம், ஒரு கொறை இல்ல."

கொடுத்த வாக்குப்படி நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கமலம் வண்டிக்குள் ஏறி ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். பாயை உதறி விரித்தாள். பிறகு வெளியே தலையை நீட்டினாள்.

"உள்ள வாண்ணே. வூடு தேடி வந்துட்டு வெறும் வயித்தோட போகக் கூடாது."

மைத்துனர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு ஏறினார்.