சும்மா இருக்கும் வேலை

மின்விசிறியின் இறக்கைகள் மூன்றும் கட்டில்மேல் கிடக்கின்றன. மோட்டாரைப் பழைய துண்டில் வைத்துக்கொண்டு, திருப்புளியைப் பல்லில் கடித்தபடி அவர் குனிந்திருக்கிறார். விசிறிக்கு ஒரு கோளாறும் இல்லை. காலை வரை நன்றாகத்தான் சுற்றியது. "பங்கு விலை இறங்கினா எங்க வீட்டு ஃபேனும் இறங்கிடும்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் மனைவி சொல்வது இதைத்தான்.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் சுடுதண்ணி. காலில் அதைக் கொட்டிக்கொண்டவர் போலத்தான் எங்கும் நிற்பார். டீயை நின்றபடியே குடித்து, மற்றவர்கள் ஊதிக்கொண்டிருக்கும்போதே கிளாஸைக் கழுவி வைத்துவிடுவார். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நடுரோடு வரை போய் எட்டிப் பார்ப்பார், பார்த்தால் சீக்கிரம் வந்துவிடும் என்பதுபோல.

இப்படிப்பட்டவர் போய்த் தலையைக் கொடுத்தது பொறுமையைத் தவிர வேறொன்றும் கேட்காத காரியத்தில். மகள் பிறந்த வருஷத்திலிருந்து, சம்பளம் வந்த அன்றே அதில் ஒரு பகுதி பங்குச்சந்தை நிதி ஒன்றுக்குப் போய்விடும். போட வேண்டும், மறந்துவிட வேண்டும். போடுவது அவருக்குச் சிரமமாக இல்லை. அடுத்தவர் ஓட்டித் தேய்த்த பைக், கீறல் விழுந்த போன், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் எல்லாம் பழகிவிட்டது. மறப்பதுதான் வரவில்லை. "லிஃப்ட்ல கயிறு அறுந்தாக்கூடப் பிடிச்சு நிறுத்த பிரேக் இருக்கு. இதுல என்ன இருக்கு? சும்மா இருங்கறாங்க. சும்மா இருக்கறது என்ன சும்மாவா?" என்பார்.

ஒருமுறை முடியாமலே போயிற்று. மகள் ஐந்தாவது படிக்கும்போது சந்தை சரிந்தது. இன்னும் சரியும் என்று ஊரே பேசியது. ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், எண்ணெய்க் கையோடு நின்று, போனிலேயே எல்லாவற்றையும் விற்றுவிட்டார். அன்று நன்றாகத் தூங்கினார். பிறகு விலைகள் ஏற ஆரம்பித்தன. கிளம்பிவிட்ட வண்டியைப் பார்ப்பதுபோல வெளியே நின்று பார்த்தார். கடைசியில் விற்றதைவிட அதிகம் கொடுத்துத் திரும்ப வாங்கினார். "அவசரத்துக்குக் கட்டின அபராதம்" என்று இன்றும் சொல்வார். கைக்கு வேறு வேலை கொடுத்தால் அது போன் பக்கம் போகாது என்று அப்போதுதான் கண்டுகொண்டார். அடுத்தடுத்த சரிவுகளை விசிறியையும் இஸ்திரிப்பெட்டியையும் பிரித்துப் பூட்டியே தாண்டினார். மிக்ஸி மட்டும் பூட்டிய பிறகு ஓடவில்லை.

பணம் வளர்ந்தது. ஒரு சின்ன வீடு வாங்கலாம் என்ற அளவுக்கு வந்தது. அப்போது புதுத் தொல்லை: விற்கத் துடித்த அதே கை இப்போது விற்க மறுத்தது.

குடியிருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லாத கட்டடம், அதனால்தான் வாடகை குறைவு. மனைவிக்குத் துணிக்கடையில் வேலை. நாள் முழுக்க நின்று நின்று முழங்கால் தேய்ந்துவிட்டது. கீழ்த்தளத்தில் ஒரு வீடு பார்க்கலாமே என்று அந்தம்மா கேட்கும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்பார். விலை இறங்கியிருந்தால், இப்போது எடுத்தால் நஷ்டம் என்பார். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அந்தம்மா சொன்னார்: "ஏறினாலும் எடுக்க மாட்டீங்க, இறங்கினாலும் எடுக்க மாட்டீங்க. தினம் ஏறி இறங்கறது நான்தானே." குரலில் கோபம்கூட இல்லை. அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

போன மாதம் வேலை சீக்கிரம் முடிந்து வந்தவர், இரண்டாவது மாடித் திருப்பத்தில் மனைவியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பையை மடியில் அணைத்தபடி அந்தம்மா படியில் உட்கார்ந்திருந்தார். பதறிப்போய் என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை, தினமும் இங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே வருவது என்று பதில் வந்தது. எப்போதும் மனைவி வந்த பிறகே வீடு திரும்புகிறவருக்கு இது தெரியாது.

அந்த வாரம் விலை இறங்கியிருந்தது. காத்திருக்காமல், வேண்டிய அளவுக்கு விற்றார். மறுநாள் மாலை, மனைவி உட்கார்ந்திருந்த அதே திருப்பத்தில் வந்து நின்றார்.

"பணத்த எடுத்துட்டேன். நாளைக்கு லீவு போடு, கீழ்வீடு ஒண்ணு இருக்கு, உனக்குப் பிடிக்குதான்னு பாரு."

"விலை இறங்கியிருக்குன்னு சொன்னீங்களே?"

"இறங்கித்தான் இருக்கு."

அந்தம்மா கைப்பிடியைப் பற்றி எழப் பார்த்தார். அவர் விடவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து, மனைவியின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, முழங்காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். மேல்வீட்டுக்காரர் குடையோடு இறங்கி வந்தபோது, அவருக்கு வழிவிட்டு உட்கார்ந்தபடியே ஒதுங்கிக்கொண்டார். மடியிலிருந்த காலை மட்டும் கீழே வைக்கவில்லை.