பங்களாவுக்குப் போன குக்கர்

அணுபுரத்தில் பக்தவத்சலத்தைத் தெரியாதவர்கள் இல்லை. மின்சாரப் பிரிவில் சூப்பர்வைசர். யார் வீட்டு ஒயரிங்கைப் பார்த்தாலும் உதட்டைப் பிதுக்குவார். சாப்பாட்டிலும் அப்படித்தான். கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் உட்காராமல் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் கேட்பார். "நமக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காதுப்பா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வதில் அப்படி ஒரு பெருமை. கேன்டீனில் தினமும் போண்டா உள்ளே போவது மனைவி லதாவுக்குத் தெரியும். சட்டையைத் துவைப்பவள் அவள்தானே, எண்ணெய்க் கறை பொய் சொல்லுமா?

லதாவுக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. ஒரே ஒரு நாள் அடுப்புப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மதுராந்தகம் தாண்டி, பறவைகள் சரணாலயத்துக்குள் இருக்கும் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாவில் தங்க மகள் புக் செய்து கொடுத்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கிளம்பும் அன்று பார்த்தால், நம்ம பக்தவத்சல மகாராஜா, கார் டிக்கியில் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, அரிசி, சாம்பார்ப்பொடி எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருக்கிறார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

பங்களாவில் சமைத்துப் போடும் ரெஜினா வாசலுக்கே வந்து கேட்டாள்.

"ஏரி விரால் வந்துகீது சார். மதியத்துக்குக் கொழம்பு வச்சிடட்டா?"

"அதெல்லாம் வேணாம்மா. இவ கைப்பக்குவமே வேற" என்று லதாவைக் காட்டினார். புகழ்ச்சியாம். லதா கார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மரம் முழுக்க நாரைகள். குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தன. ஒன்றுகூடப் பாத்திரம் பண்டம் தூக்கி வரவில்லை.

அந்தக் காலத்துக் கட்டடம். ஒயர் எதைத் தாங்கும் என்று பார்க்க வேண்டாமா? சூப்பர்வைசராச்சே, பார்த்திருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரோ நேராகப் போய்ப் பழைய ப்ளக் பாயின்ட்டில் இண்டக்‌ஷனைச் செருகி சுவிட்சைப் போட்டார். பட்டென்று ஒரு சத்தம். பங்களா முழுக்கக் கரண்ட் போய் ஃபேன்கள் நின்றன.

"இன்னா சார் பண்ணீங்கோ? ஆளு வந்து சரி பண்ண சாயங்காலம் ஆயிடும்" என்றாள் ரெஜினா.

அசடு வழிந்ததே தவிர மனுஷர் அடங்கவில்லை. "லதா, பின்னால செங்கல் கிடக்கு. மூணு கல்லு வச்சு மூட்டிடு."

லதா எழுந்து பின்பக்கம் போனாள். செங்கலைத் தாண்டி ரெஜினாவின் சமையற்கட்டுக்குள் நுழைந்து, "எனக்கும் சேர்த்து வைம்மா" என்று சொன்னாள். பிறகு வராந்தா நாற்காலியில் வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள்.

வேறு வழியில்லாமல் பக்தவத்சலமே கல்லை அடுக்கினார். ஊதினார், இருமினார், கண்ணைக் கசக்கினார். கடைசியில் குக்கரைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்து நின்றார். அதற்குள் விரால் குழம்பும் சோறுமாக அவள் பாதித் தட்டைக் காலி செய்திருந்தாள்.

"ஏம்மா, அரிசிக்கு எவ்வளவு தண்ணி ஊத்தணும்?"

லதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தினம் தட்டின் முன் உட்கார்ந்து குழைஞ்சிருக்கு, விறைச்சிருக்கு என்று தீர்ப்புச் சொன்ன வாய் இது. இந்த ஆள் முகம் சுளிப்பாரோ என்றா இத்தனை வருஷம் ஒவ்வொரு வேளையும் பயந்து செத்தோம்? அவளுக்குத் தன்னை நினைத்தே அவமானமாக இருந்தது.

"தெரியலையே" என்றாள். "ரெஜினா, இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா."