ஓட்டின் மேல் நின்று ஜெயித்த ஞாயிறு

படப்பை குடோன் வேலையை விட்டுவிட்டுப் பையோடு நடந்துகொண்டிருந்தேன். நாட்டுமருந்துக் கடை வாசலில் காய்ந்த ஆவாரம்பட்டையின் துவர்ப்பு வாசனை என்னைப் பழைய பம்மலுக்கு இழுத்துப் போனது. இன்று அடுக்குமாடிகள் நிற்கும் இடத்தில் அன்று தோல் கம்பெனி இருந்தது. தோல் பதனிட அந்தப் பட்டை ஊறும் தொட்டிகளும், மூக்கை அறுக்கும் சுண்ணாம்பும், கொடிகளில் படபடக்கும் ஆட்டுத்தோல்களும், ஷெட்டுக்குள் மேஸ்திரியின் கருப்பு வெள்ளை டிவியுமாக.

எண்பத்தைந்தில் ஆஸ்திரேலியாவில் நம் அணி பாகிஸ்தானோடு கிரிக்கெட் ஃபைனல் ஆடிய ஞாயிறன்று, படம் புள்ளி புள்ளியாகப் போனதால், மேட்ச் பார்க்கப் போயிருந்த என்னை ஆன்டெனாவைத் திருப்ப ஷெட் ஓட்டின் மேல் ஏற்றினார்கள். அப்போது எனக்குப் பதினைந்து வயது. படம் தெளிந்து நின்றது, நம் தொடக்க ஜோடியும் நின்றது. விக்கெட் விழாதவரை யாரும் இடம் மாறக் கூடாது என்பது அங்கே சட்டம். ஓடு உள்ளங்காலைச் சுட, ஒரு பந்தையும் பார்க்காமல், கீழே எழும் கூச்சலை வைத்தே பவுண்டரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஜோடி நூறைத் தாண்டியதும் தண்ணீர் குடிக்க இறங்கினேன். விக்கெட் விழுந்தது.

"யார்ரா அவன எறங்கச் சொன்னது? ஏறுடா கஸ்மாலம்!" என்று ஷெட்டே கத்தியது.

ஏறினேன். ஜெயித்தோம். "கப்பு இவன் வாங்கினதுடா!" என்று என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தொட்டிகளைச் சுற்றி ஓடினார்கள். மேஸ்திரி என் கால் கொப்புளங்களைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த வெயில்லயே நின்னுகினு கீறான். இஸ்கூல்ல இன்னாடா பண்ணப்போற? காலைல வந்துடு."

மறுநாள் காலை, கிழித்த துணியைக் காலில் சுற்றிக்கொண்டு, ஜெயித்த அணியின் ஆளாகத் தோல் உலர்த்தும் வேலையில் சேர்ந்தேன்.